கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம்: கிட் லென்ஸுக்கு அடுத்த லென்ஸ் இதுதானா?

கேனன் 1500டி, 200டி மாதிரியான கேமராவை 18-55 கிட் லென்ஸோடு (கேமராப் பெட்டியிலேயே சேர்ந்து வரும் லென்ஸ்) வாங்கியவர், அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒரு ஃபிஃப்டி எம்எம் வாங்கிப் போடுங்க." அந்தப் பதில் பாதி சரி. இது நல்ல லென்ஸ். கொடுக்கும் காசுக்கு மேலேயே படம் தரும். ஆனால் எதற்கு நல்லது, எங்கே கைவிடும் என்பதைச் சொல்லாமல் வாங்கச் சொன்னால், முதல் வாரம் மங்கல் படங்கள், அடுத்த மாதம் அலமாரி என்று முடிந்துவிடுகிறது. இதன் மேல் சொல்லப்படும் புகார்களில் பல, லென்ஸ் மேல் எழுதியிருக்கும் எண்களுக்கு என்ன பொருள் என்று தெரியாததால் வருபவை. அதனால் எண்களிலிருந்தே தொடங்குவோம்.

50 என்பது

50 மி.மீ. என்பது குவிய தூரம். கேமராவுக்குள் எவ்வளவு அகலமான காட்சி விழும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 1500டி, 200டி இரண்டிலும் உள்ள சென்சார் (படம் பதிவாகும் சில்லு) ஏறத்தாழ 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். கணக்கு எளிது: சென்சார் அகலத்தைக் குவிய தூரத்தால் வகுத்து, ஆள் நிற்கும் தூரத்தால் பெருக்கினால் படத்தில் அடங்கும் அகலம் கிடைத்துவிடும். 50-இல் 3 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 1.3 மீட்டர் அகலம் அடங்கும். அதே இடத்தில் நின்று கிட் லென்ஸை 18-க்குத் திருப்பினால் 3.7 மீட்டர். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்.

இந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். நிற்கும் ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 2 மீட்டர் உயரம் தேவை. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால்கூட 50-இல் நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். 10-க்கு 12 அடி அறையின் நீளமே 3.66 மீட்டர்தான். சுவரில் முதுகு ஒட்டினாலும் ஆளின் கால் வெட்டுப்படும். இடுப்பு வரை எடுப்பதென்றால் இரண்டேகால் மீட்டர் போதும். தலையும் தோளும் என்றால் 1.35 மீட்டர். அதாவது சராசரி வீட்டு அறையில் இது முக லென்ஸ், அதிகம் போனால் அரை உருவ லென்ஸ். குடும்பத்தில் எட்டுப் பேர் சோபாவில் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு இதைக் கையில் எடுப்பதே வீண்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "இந்த கேமராவில் 50 போட்டால் 80 ஆகிவிடும்" என்று சொல்வார்கள். லென்ஸின் குவிய தூரம் எந்த கேமராவில் மாட்டினாலும் 50தான். இந்த கேமராக்களில் உள்ள கேனனின் ஏபிஎஸ்-சி வகைச் சென்சார், பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரைவிட நீள அகலத்தில் 1.6 மடங்கு சிறியது. காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவு காட்சியே இதில் தெரியும், அவ்வளவுதான். இந்த 1.6 கணக்கு உங்கள் கிட் லென்ஸுக்கும் பொருந்தும். கிட் லென்ஸை 50-இல் வைத்தால் எவ்வளவு காட்சி தெரிகிறதோ, இந்த லென்ஸிலும் அவ்வளவே தெரியும். இந்த லென்ஸின் பெயரில் இஎஃப், கிட் லென்ஸின் பெயரில் இஎஃப்-எஸ் என்றிருக்கும் வேறுபாடு இதை மாற்றாது.

அதனால் காசு கொடுக்கும் முன்பே இந்த லென்ஸின் காட்சியை இலவசமாகச் சோதித்துவிடலாம். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 50-இல் வைத்து, கழற்றும்போது பசை ஒட்டாத பேப்பர் டேப்பால் அப்படியே ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அதோடு மட்டும் படம் எடுங்கள். பின்னால் போக இடமில்லை என்ற எரிச்சல் திரும்பத் திரும்ப வந்தால் 50 உங்களுக்கு இப்போது வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு: இதுவரை எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்த நூறைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் விவரத்தில் பதிவாகியிருக்கும் குவிய தூரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 18, 24 என்று இருந்தால் உங்கள் கண் அகலத்தைத் தேடுகிறது. 45-க்கு மேல் குவிந்திருந்தால் தைரியமாக வாங்கலாம்.

1.8 என்பது

லென்ஸ் முகப்பில் 1:1.8 என்று இருக்கும். 1500டி-யோடு வரும் கிட் லென்ஸில் 1:3.5-5.6, 200டி-யோடு வருவதில் 1:4-5.6. குவிய தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ. கிட் லென்ஸில் 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் 10 மி.மீ.கூட வராது. எண் சிறிதானால் துவாரம் பெரிது என்ற தலைகீழ் வழக்கம் ஏன் என்பதும் இதிலேயே விளங்கிவிடும்: அது வகுக்கும் எண்.

கிட் லென்ஸை 50-க்கு இழுத்தால் அதன் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6. அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது; கேமரா பேச்சில் மூன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஒற்றை டியூப்லைட் எரியும் அறையில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) 1600-இல் வைத்து, எஃப் 5.6-இல் ஷட்டர் 1/13 விநாடி கிடைக்கும் இடத்தில், எஃப் 1.8-இல் 1/125 கிடைக்கும். 1/13-இல் தலையைத் திருப்பும் குழந்தையின் முகம் கரைந்து போகும். 1/125-இல் பெரும்பாலும் நிற்கும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பல மதிப்புரைகள் விட்டுவிடுகின்றன. இந்த 50-இல் ஆட்டத் தடுப்பு இல்லை. கிட் லென்ஸான 18-55 ஐஎஸ் வகையில் உண்டு. கேனன் சொல்லும் கணக்குப்படி அது நான்கு ஸ்டாப் வரை ஈடுகட்டும். ஆகவே கல்தூண், சிற்பம், கட்டிடம் போன்ற அசையாத பொருளை அரையிருட்டில் கையில் பிடித்து எடுக்க, கிட் லென்ஸே இதற்குச் சமமாக நிற்கும்; ஆழமும் கூடுதலாகத் தெளிவாக வரும். 50-இன் பெரிய துவாரம் ஜெயிப்பது அசையும் பொருளில்தான். மனிதர்களை எடுப்பவருக்கு இது பெரிய லாபம். கோயில் மண்டபமும் கோட்டைச் சுவரும் எடுப்பவருக்கு, இதே காசில் ஒரு உறுதியான டிரைபாட் அதிகம் உதவும்.

பின்னணி எவ்வளவு கரையும் என்பதற்கும் அந்த மில்லிமீட்டர் கணக்கே நல்ல வழிகாட்டி. ஒரே ஆளை, முகம் படத்தில் ஒரே அளவில் வரும்படி எடுத்தால், தொலைவிலுள்ள பின்னணியின் மங்கல் துவாரத்தின் விட்டத்துக்கு ஏற்பக் கூடும். கிட் லென்ஸ் 18-இல் எஃப் 3.5 என்றால் 5 மி.மீ. துவாரம், பின்னணி அப்படியே தெரியும். 55-இல் 10 மி.மீ. இந்த 50-இல் 28 மி.மீ. இரட்டை லென்ஸ் கிட்டோடு வரும் 55-250-ஐ 250-இல் எஃப் 5.6 வைத்தால் 44 மி.மீ.க்கும் மேல்! அந்த லென்ஸ் வீட்டில் இருக்கிறவர்கள், திறந்த வெளியில் பின்னணி கரைந்த முகப் படத்துக்காக மட்டும் 50 வாங்கத் தேவையில்லை. பூங்காவில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று, ஷட்டரை 1/250-க்கு மேல் வைத்து 250-இல் எடுத்துப் பாருங்கள். உள்ளரங்கில் அந்த லென்ஸ் ஒன்றுக்கும் ஆகாது, அங்கே 50-தான்.

கையில் எடுத்தால்

2015-இல் வந்த லென்ஸ் இது. 1990-இல் வந்த "II" என்ற பழைய வகையின் இடத்தைப் பிடித்தது. எடை 160 கிராம், நீளம் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, முன்பக்க ஃபில்டர் அளவு 49 மி.மீ. (கிட் லென்ஸின் 58 மி.மீ. ஃபில்டர் இதில் பொருந்தாது). உள்ளே ஐந்து தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். பழையதில் பிளாஸ்டிக்காக இருந்த மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) இதில் உலோகம். துவாரத்தை மூடும் இதழ்கள் ஐந்திலிருந்து ஏழாகி, ஓரங்களும் வளைவாகிவிட்டன. கார்த்திகை விளக்கு வரிசையைப் பின்னணியில் வைத்து எஃப் 2.8-இல் எடுத்தால், பழையதில் ஒவ்வொரு சுடரும் ஐங்கோணமாக விழும். இதில் கிட்டத்தட்ட வட்டமாகவே விழும். பழைய வகை 45 செ.மீ.க்கு அருகே ஃபோகஸ் செய்யாது, இது 35 செ.மீ. வரை வரும். அந்தத் தூரம் லென்ஸ் முனையிலிருந்து அல்ல, கேமராவுக்குள் சென்சார் இருக்கும் தளத்திலிருந்து. கேமரா மேல்பக்கம் குறுக்குக் கோடிட்ட வட்டக் குறி ஒன்று இருக்கும். அதிலிருந்து அளக்க வேண்டும்.

மாட்டும்போது லென்ஸின் சிவப்புப் புள்ளியை கேமரா மவுண்டின் சிவப்புப் புள்ளியோடு சேர்க்க வேண்டும். கிட் லென்ஸுக்கு உள்ள வெள்ளைச் சதுரக் குறியில் வைத்துத் திருகக் கூடாது. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

இதன் உடலில் மனத்தில் வைக்க வேண்டிய பலவீனம் ஒன்று உண்டு. அருகே ஃபோகஸ் செய்யும்போது உள் குழாய் முன்னால் நீள்கிறது. அதை நகர்த்துவது சிறு மோட்டாரும் (பெயரில் உள்ள எஸ்டிஎம் இதுதான்) பல்சக்கரமும். நீண்ட நிலையிலேயே கேமராவை அணைத்துப் பைக்குள் திணித்தால், அந்தக் குழாய் மேல் விழும் அழுத்தம் நேரே பல்சக்கரத்துக்குப் போகும். அணைக்கும் முன் தொலைவில் உள்ள எதையாவது பார்த்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள். குழாய் உள்ளே போய்விடும். கையால் தள்ளி நுழைக்கவே வேண்டாம். ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. கேமரா அணைந்திருந்தால் அல்லது தூங்கிவிட்டால் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நகராது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெட்டியில் ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் வளைய மறைப்பு) வராது. இஎஸ்-68 என்பது இதன் ஹூட். வேறு நிறுவனங்கள் அதே அளவில் செய்வதும் போதும். பக்கவாட்டு வெயிலைத் தடுப்பதோடு, தட்டினால் முதல் அடியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். ஆகவே முதல் நாளிலிருந்தே போட்டுவிடுங்கள்.

ஃபோகஸ்: மங்கல் எங்கிருந்து வருகிறது

"லென்ஸ் ஷார்ப்பாக இல்லை" என்ற புகாருக்குப் பின்னால் அநேகமாக ஆழக் கணக்கு இருக்கும். ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப் 1.8-இல், 1.5 மீட்டர் தள்ளியிருக்கும் முகத்தில் தெளிவாக விழும் ஆழம் மொத்தம் 6 செ.மீ. 1 மீட்டரில் 3 செ.மீ.கூட இல்லை. 35 செ.மீ.க்கு நெருங்கிப் பூவை எடுத்தால் 2 மி.மீ. நின்ற இடத்திலேயே நம் உடல் மூச்சு விடும்போது முன்னும் பின்னும் ஆடுவதே இதைவிட அதிகம். 3 மீட்டரில் ஆழம் 25 செ.மீ. ஆகிவிடும், நிம்மதியாக எடுக்கலாம்.

இந்த மெல்லிய ஆழத்தோடு, கேமரா தானே ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் சேர்ந்தால் தவறு நிச்சயம். அந்த முறையில் கேமரா பெரும்பாலும் தனக்கு மிக அருகில் உள்ள பொருளைப் பிடிக்கும். கல்யாண மேடையில் மணமக்களின் மாலை பளிச்சென்று தெளிவாக, கண்கள் மங்கலாக வருவதற்குக் காரணம் இதுதான். புள்ளித் தேர்வைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 1500டி-யில் ஒன்பது புள்ளிகள். நடுப் புள்ளி மட்டுமே குறுக்கு வகை (கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிப்பது), குறைந்த வெளிச்சத்திலும் நம்பலாம். அதைக் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் மேல் வைத்துப் பாதி அழுத்தி, பிடித்தவுடன் எடுத்துவிடுங்கள். நடுப் புள்ளியில் பிடித்துவிட்டுக் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிச் சட்டகம் மாற்றும் பழக்கம் கிட் லென்ஸில் எஃப் 5.6-இல் தப்பிவிடும். இங்கே 1 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் தப்பாது; திருப்பும்போது ஃபோகஸ் தளமும் சேர்ந்து திரும்பி, கண்ணுக்குப் பின்னால் காதுப் பக்கம் போய்விடும். கொஞ்சம் பின்னால் நின்று எடுத்து, பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்வது மேல். 24 மெகாபிக்சலில் அதற்கு இடம் தாராளம்.

துவாரத்தை எப்போதும் 1.8-இல் வைத்திருப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒற்றை முகத்துக்கு எஃப் 2.2 அல்லது 2.5. இரண்டு பேர் தோளோடு தோள் நின்றால் எஃப் 2.8 முதல் 4, இருவரின் கண்களும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிறுத்தி. 4 மீட்டரில் இரண்டு வரிசையாக நிற்பவர்களுக்கு எஃப் 5.6, அங்கே ஆழம் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டும். வெளிச்சம் போதாமல் வேறு வழியே இல்லாதபோது மட்டும் 1.8.

இவ்வளவு செய்தும் மங்கலாக வந்தால் ஒரு சோதனை செய்யலாம். மேஜை மேல் கேமராவை அசையாமல் வையுங்கள். 1.5 மீட்டர் தள்ளி, பெரிய எழுத்துள்ள ஒரு பெட்டியை நேராக நிறுத்தி, அதன் பக்கத்தில் ஒரு ஸ்கேலைக் கேமராவை நோக்கிச் சாய்வாக வையுங்கள். ஸ்கேலின் நடுப்பகுதி பெட்டியின் முகப்போடு ஒரே தூரத்தில் இருக்கட்டும். எஃப் 1.8, நடுப் புள்ளி, இரண்டு விநாடி டைமர். வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல்) வழியே ஐந்து படங்கள். ஒவ்வொரு முறையும் கையால் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். பிறகு லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) ஐந்து படங்கள். லைவ் வியூவில் எல்லாம் தெளிவு, வியூஃபைண்டரில் ஐந்தும் ஒரே பக்கமாக விலகியிருக்கிறது என்றால், கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். வியூஃபைண்டர் ஃபோகஸ் தனி சென்சாரில் நடப்பதால் இப்படி நேரும். 1500டி மாதிரித் தொடக்கநிலை கேமராக்களில் இதைத் திருத்தும் மெனு கிடையாது. வாரண்டிக்குள் இரண்டையும் சேர்த்து சர்வீஸ் சென்டரில் கொடுக்க வேண்டும். ஐந்து படமும் ஐந்து விதமாகச் சிதறினால் அது விலகல் அல்ல, வெளிச்சக் குறைவு அல்லது பிடிக்கத் தெளிவான கோடு இல்லாத பொருள். லைவ் வியூவிலும் மங்கல் என்றால்தான் லென்ஸைச் சந்தேகப்பட வேண்டும்.

மங்கலின் இன்னொரு வகை கை ஆட்டம். 50-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 80. ஆகவே 1/80 என்பது கை ஆடாமல் எடுக்கக் குறைந்தபட்ச வேகம். அது கைக்கு மட்டும்தான் போதும், எதிரே இருப்பவர் அசைவதற்குப் போதாது. பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125, ஓடும் குழந்தைக்கு 1/250 முதல் 1/500. ஏவி முறையில் (துவாரத்தை மட்டும் நாம் வைப்பது) ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால் வேகத்தைக் கேமராவே தீர்மானிக்கும். அது 1/80 பக்கம் நின்றுவிடும். மாறாக எம் முறையில் (துவாரமும் வேகமும் நம் கையில்) 1/250, எஃப் 2.2 என்று நீங்கள் பூட்டிவிட்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். ஐஎஸ்ஓ 3200-இல் வரும் புள்ளிகளைப் பின்னால் குறைக்கலாம். ஆடிய முகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

நடுப்பகல் வெயிலில் நிலைமை தலைகீழ். ஐஎஸ்ஓ 100, எஃப் 1.8-இல் சரியான வெளிச்சத்துக்கு 1/8000 போன்ற வேகம் வேண்டும். இந்த கேமராக்களின் உச்சம் 1/4000. ஏவி முறையில் 4000 என்ற எண் மின்னினால் படம் வெளுத்துப் போகப் போகிறது என்று எச்சரிக்கை. எஃப் 2.8-க்கு மூடினால் தீர்ந்தது.

படத்தின் தரம்

எஃப் 1.8-இல் நடுப்பகுதி நல்ல தெளிவு, ஆனால் ஒரு மெல்லிய திரை போட்டது போல் கான்ட்ராஸ்ட் குறைவு. கறுப்பு முடிக்குப் பின்னால் வெள்ளை வானம், வெயிலில் மின்னும் நகை, பாத்திர விளிம்பு போன்ற இடங்களில் ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் ஓரமாகத் தெரியும். எஃப் 2.8-இல் இவை பெருமளவு அடங்கிவிடும். எஃப் 4 முதல் 5.6 வரை இந்த லென்ஸின் சிறந்த இடம். அங்கே கிட் லென்ஸோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இமை முடிகளிலேயே வித்தியாசம் தெரியும். எஃப் 16, 22 பக்கம் போனால் துவாரம் மிகச் சிறிதாகி, ஒளி விளிம்பில் வளைந்து, மறுபடி மென்மையாகிவிடும். இரவுத் தெருவிளக்குகளை டிரைபாடில் எஃப் 11-இல் எடுத்தால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் 14 கதிர்கள் கிளம்பும். இதழ் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் கதிர் அதன் இரட்டிப்பு. இந்த லென்ஸின் அழகான குணங்களில் ஒன்று இது.

லென்ஸைக் காக்க என்று கடையில் சேர்த்துக் கொடுக்கும் மலிவான யுவி ஃபில்டர் இந்தத் தரத்தைக் கெடுக்கும். விளக்கொளியில் எடுத்த படத்தில் சுடரின் பிம்பம் எதிர் மூலையில் தலைகீழாக மிதந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்த ஃபில்டர்தான். இரவில் கழற்றிவிடுங்கள். ஹூட் தரும் பாதுகாப்பே போதுமானது.

வீடியோவில் இதற்குக் குறைந்த மதிப்பெண்தான். மோட்டார் பழையதைவிட எவ்வளவோ அமைதி. இருந்தாலும் அமைதியான அறையில் கேமராவின் உள் மைக்கில் அதன் ரீங்காரம் பதிவாகும். தனி மைக் வேண்டும். 200டி, 200டி II இரண்டிலும் டூயல் பிக்சல் ஃபோகஸ் (சென்சாரே வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் முறை) இருப்பதால் முகத்தை நிதானமாகப் பின்தொடரும். 1500டி-யில் அது கிடையாது. வீடியோ ஓடும்போது ஃபோகஸ் பிடிக்க வைத்தால் முன்னும் பின்னும் தேடி அலையும். அதில் எடுப்பதென்றால் முதலில் ஃபோகஸ் பிடித்து, லென்ஸின் பக்கத்துச் சுவிட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளிவிட்டு, ஆளை நகராமல் உட்காரவைத்து எடுக்கலாம். ஆட்டத் தடுப்பு இல்லாததால் கையில் பிடித்து நடந்துகொண்டே எடுப்பது வேண்டாம்.

வேறு எதைப் பார்க்கலாம்

டேப் சோதனையில் 50 குறுகலாகத் தெரிந்தவர்களுக்கு, கேனன் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் சரியான லென்ஸ். 125 கிராம், தடிமன் 2.3 செ.மீ., தட்டையான பிஸ்கட் மாதிரி. சென்சார் தளத்திலிருந்து 16 செ.மீ. வரை நெருங்கலாம், இலையில் பரிமாறிய சாப்பாடு, அறைக்குள் விளையாடும் பிள்ளைகள், கடைத்தெரு எல்லாவற்றுக்கும் ஏற்றது. பின்னணி 50 அளவுக்குக் கரையாது. வீட்டுக்குள் மட்டும் எடுக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் என்றால், 50-க்கு முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்ல வேண்டும்.

நிக்கான் வைத்திருப்பவர்கள் ஒரு எழுத்தில் ஏமாந்துவிடக் கூடாது. 50 மி.மீ. எஃப் 1.8 என்ற பெயரில் டி, ஜி என இரண்டு வகை. டி மலிவு, ஆனால் அதற்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. டி3500, டி5600 போன்ற கேமராக்களின் உள்ளேயும் இல்லை. மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கும் ஜி வகையைக் கேட்டு வாங்குங்கள். அதைவிடவும் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி அந்த கேமராக்களுக்கு வசதியான காட்சி தரும். சோனி ஏபிஎஸ்-சி கேமரா என்றால் இ வரிசை 50 மி.மீ. எஃப் 1.8 ஓஎஸ்எஸ் ஆட்டத் தடுப்போடு வருகிறது. எஃப்இ என்ற பெயருள்ள 50-இல் அது இல்லை. கேனனின் ஆர்50, ஆர்10 போன்ற, உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராவில் இந்த இஎஃப் லென்ஸ் நேராக உட்காராது, அடாப்டர் வேண்டும். புதிதாக வாங்குபவர் 2020-இல் வந்த ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8-ஐ வாங்குவதே சரி. அதுவும் 160 கிராம்தான், 30 செ.மீ. வரை நெருங்கும், ஃபில்டர் அளவு 43 மி.மீ.

விலையும் பழைய லென்ஸும்

புதியது பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். கடைக்குக் கடை மாறும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் சீரியல் எண்ணும் இருக்கிறதா, அந்த எண் லென்ஸில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

பழையதாக வாங்குவதென்றால் கடலோர ஊர் லென்ஸ்களில் முதல் எதிரி பூஞ்சை. இரண்டு மூடியையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ மரக்கிளை போலவோ மெல்லிய இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சின்னச் சின்னத் தூசிப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. பின் கேமராவில் மாட்டி, 35 செ.மீ.யிலும் ஜன்னலுக்கு வெளியே தொலைவிலும் மாறி மாறிப் பத்து முறை ஃபோகஸ் செய்யுங்கள். குழாய் நடுவில் திக்கினாலோ, கரகரவென்று பல்சக்கரம் அரைக்கும் சத்தம் வந்தாலோ ஏற்கெனவே கீழே விழுந்த லென்ஸ். ஃபில்டர் வளையத்தின் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சில நூறு ரூபாய் ஈரப்பதமானி ஒன்று உள்ளே இருந்தால் 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நிறம் மாறும் ஜெல் என்றால், மாறியதும் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடலாம். அரிசி டப்பாவில் புதைத்து வைப்பது வேண்டாம், மாவுத்தூள் குழாய் இடுக்கில் போய்விடும். தோல் உறையிலும் துணிப்பையிலும் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்குப் பிடித்தமானது. வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படியும். துடைக்காமல், லென்ஸையும் கழற்றாமல், கேமராவைப் பைக்குள் மூடி வைத்து ஒரு கால்மணி நேரம் விடுங்கள், தானே போய்விடும். கண்ணாடியைச் சுத்தம் செய்ய முதலில் காற்றுப் பம்ப், அடுத்து மென்மையான பிரஷ், கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விட வேண்டும், கண்ணாடி மேல் விடக் கூடாது. சட்டை நுனியும் புடவைத் தலைப்பும் மணலைச் சுமந்துகொண்டிருக்கும். அவசரத்துக்குக்கூட அவற்றால் துடைக்காதீர்கள்.